சாணை பிடிக்கிற நேரத்துக்குக் கூலி யார் தருவது?

"பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிறவன் உளியைப் பற்றி எழுதுகிறானே, பரீட்சையில் ஏதாவது ஆகிவிட்டதா?" என்று கேட்காதீர்கள். பரீட்சை நன்றாகவே எழுதியிருக்கிறேன் (என்று நம்புகிறேன்). கோடை லீவில் அம்பாசமுத்திரம் பக்கம் என் தாய்மாமாவின் மரக்கடைசல் பட்டறையில் ஒரு மாதம் இருந்தேன். அம்பாசமுத்திரம் என்றால் மரச் சொப்பு ஞாபகம் வரும். மாமா பட்டறையில் சொப்பு கிடையாது. கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்குமே அந்த உருட்டுக் கால்கள், பூரிக்கட்டை, இவ்வளவுதான்.

பில் எழுதவும் ஸ்டாக் கணக்கு பார்க்கவும்தான் மாமா என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. மூன்றாம் நாளே லேத் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். அங்கே பார்த்ததும் வகுப்பில் படித்ததும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசல்காரருக்கு உருப்படிக் கணக்கில் கூலி கொடுக்கிற பட்டறைகள், அவர் உளிக்குச் சாணை பிடிக்கிற நேரத்தையும் அந்தக் கூலியில் சேர்க்க வேண்டும். சேர்க்காததால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

முதலில் உளி

கடைசலில் பெரிய பிரிவு இரண்டு. மரத்தின் நார் லேத்தின் அச்சோடு ஒரே திசையில் ஓடினால் (கட்டில் கால், பூரிக்கட்டை, தொட்டில் கம்பு) அது ஸ்பிண்டில் வேலை. கிண்ணம், தட்டு மாதிரி குடைகிற வேலையில் நார் பெரும்பாலும் அச்சுக்குக் குறுக்கே இருக்கும். இரண்டுக்கும் உளி வேறு, கைப்பழக்கமும் வேறு.

ஸ்பிண்டில் வேலைக்கு முக்கியமான உளியின் பெயர் 'ஸ்பிண்டில் கவுஜ்'. பார்க்க எளிமையானது. ஒரு உருண்டைக் கம்பி, அதன் மேல்பக்கத்தில் ஆழமில்லாத வாய்க்கால் போல ஒரு பள்ளம். நுனியை விரல் நகம் மாதிரி வளைவாகத் தீட்டியிருப்பார்கள். 10 மி.மீ., 12 மி.மீ. அளவுகள் அதிகம் புழங்கும். இந்தக் கட்டுரையில் அதைப் பள்ள உளி என்றே எழுதுகிறேன்.

சதுரக் கட்டையை முதலில் உருட்டிக் கொண்டுவர இன்னொரு உளி உண்டு, ரஃபிங் கவுஜ். அகலமாக, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். ஆனால் அதை வைத்துக் கிண்ணம் கடையவே கூடாது. மரப்பிடிக்குள் போகும் அதன் வால் மெல்லிசு. கிண்ணத்தின் குறுக்கு நார் மாட்டினால் அந்த இடத்தில் முறிந்து பறக்கும்.

பள்ள உளியின் நுனிக்குக் கீழே சாய்வாகத் தீட்டிய பகுதியைச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 30 முதல் 45 டிகிரி வரை அவரவர் பழக்கப்படி இருக்கும். உளி எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்தச் சரிவுதான் தீர்மானிக்கிறது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பட்டறையின் மூத்த கடைசல்காரர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, உளியை முதல்ல டூல் ரெஸ்ட்ல வையிங்க. அப்புறம் சரிவு மரத்துல தடவட்டும். அறுக்காது, சும்மா தடவும். பெறகு பிடியை மெள்ள ஒசத்துங்க. எங்க சுருள் வருதோ அங்க நிப்பாட்டுங்க."

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு அருமையான விஷயம் இருக்கிறது. சரிவு மரத்தில் சாய்ந்து நிற்கும்வரை, உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அதுவே கட்டுப்படுத்திக்கொள்ளும். சரிவின் தாங்கல் இல்லாமல் நுனியோ பக்க ஓரமோ மட்டும் மரத்தில் பட்டால், சுற்றுகிற மரம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும்.

இன்னொரு விதி: எப்போதும் தடித்த இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்கே அறுக்க வேண்டும். பென்சில் சீவுகிறோமே, தடித்த பக்கத்திலிருந்து முனையை நோக்கித்தானே கத்தியைத் தள்ளுகிறோம்? திருப்பிச் சீவிப் பாருங்கள், நார் பிய்ந்து வரும். அதே காரணம்தான். இறக்கத்தில் அறுக்கும்போது ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னொரு நார் தாங்கிப் பிடிக்கும். ஏற்றத்தில் தாங்க ஆளில்லை.

அதனால் கட்டில் காலில் ஒரு குழிவு எடுக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்திலிருந்து அடிவரை வந்து நிறுத்திவிட வேண்டும். பிறகு மறுபக்கத்திலிருந்து அடிவரை. அந்தப் பக்கம் ஏறக்கூடாது. ஆரம்பிக்கும்போது உளியின் பள்ளம் பக்கவாட்டில், குழிவின் நடுவைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். இறங்க இறங்க மணிக்கட்டைச் சுழற்றி, அடிக்கு வரும்போது பள்ளம் மேலே பார்க்க வேண்டும். மணி மாதிரி உருட்டுவதற்கு இதன் தலைகீழ்: உச்சியில் பள்ளம் மேலே பார்க்கும், இறங்க இறங்கப் பக்கவாட்டில் திரும்பும்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது இல்லையா? எனக்கும் கேட்கும்போது அப்படித்தான் இருந்தது.

நான் கெடுத்த கால்

பத்து நாள் வேப்பங்கட்டையில் பழகிய பிறகு, தேக்கில் ஒரு கட்டில் கால் கடைய அண்ணாச்சி விட்டார். உருட்டி முடித்தேன். மூன்று மணி எடுத்தேன். நான்காவதாகக் குழிவு. உளி முதலில் சுருள் சுருளாகச் சீவல் விட்டது. கொஞ்ச நேரத்தில் சுருள் போய்த் தூள் வந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. அறுக்கவில்லை என்பதால் அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். அழுத்துகிற வேகத்தில் பள்ளத்தைத் திருப்ப மறந்து, மேலே பார்த்தபடியே அடுத்த பக்கம் ஆரம்பித்தேன்.

'டக்' என்று ஒரு சத்தம். உளி கையை உதறிவிட்டுப் பக்கவாட்டில் ஓடியது. நான் கடைந்து வைத்த மூன்று மணிகளின் மேலும் திருகாணி மாதிரி ஒரு கோடு. கட்டைவிரல் டூல் ரெஸ்டில் இடித்து நகம் கறுத்தது.

கட்டிலுக்குக் கால் நாலு. ஒன்று கெட்டால் ஒன்று மட்டும் கெட்டதாக அர்த்தமில்லை. அந்தக் கோடு போகும்வரை கடைந்தால் கால் மெலிந்துவிடும், மற்ற மூன்றையும் அதற்கு ஏற்ப மெலிய வைக்க வேண்டும். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. அண்ணாச்சி மட்டும் உளியை வாங்கி நுனியை வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாருங்க, நுனியில வெள்ளையா மினுங்குதுல்லா? கூரா இருந்தா ஒண்ணுமே தெரியாது. மினுங்குனா மழுங்கிட்டுன்னு அர்த்தம். மழுங்குன உளிதான் தம்பி கையை வாங்கும்."

சரி, எப்போது சாணை பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். "தூள் வந்த ஒடனே" என்றார். அப்புறம் ஒரு நாள் முழுக்க அவரைக் கவனித்தேன். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, மொத்தம் இரண்டு தடவைதான் அவர் சாணைக்குப் போனார். நடுவில் அவர் உளியிலும் தூள் வந்தது. அவரும் அழுத்தினார். எனக்கு இல்லாத கைப்பழக்கம் அவருக்கு இருந்ததால் மரம் கெடவில்லை, அவ்வளவே.

எனக்குச் சொன்னதை அவரே ஏன் செய்யவில்லை?

ஒரு நிமிஷத்தில் 314 மீட்டர்

அதற்குப் பதில் தேடும் முன், உளி ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. கால் 5 செ.மீ. குறுக்களவு, லேத் நிமிஷத்துக்கு 2000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு உளி நுனியைக் கடந்து போகிற மரம் 15.7 செ.மீ. ஒரு நிமிஷத்துக்கு 314 மீட்டர். பத்து நிமிஷத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல்! கையால் இழைப்புளி தள்ளுகிற ஆசாரி ஒரு நாள் முழுக்கத் தள்ளினாலும் அவ்வளவு தூரம் போவாரா என்பது சந்தேகம். போதாததற்குத் தேக்கில் சிலிக்கா இருக்கிறது. அதாவது மணலின் சொந்தக்காரர்.

ஆக, கடைசல் உளி மழுங்குவது தவறு ஒன்றுமில்லை. லேத் ஓடினால் கரண்ட் செலவாகிற மாதிரி, மரம் சுற்றினால் கூர் செலவாகும். அதைத் திரும்ப வாங்குகிற இடம்தான் சாணைக்கல்.

சாணை பிடிப்பதும் பெரிய வித்தை இல்லை என்பதைப் பிறகு கற்றுக்கொண்டேன். என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்காகச் சுருக்கமாக:

சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். கிரைண்டரை அணைத்து வைத்துவிட்டு, கல்லின் மேல் உளியை வைத்துக் கையால் கல்லைச் சுற்றிப் பாருங்கள். மை எங்கே அழிகிறது? பின்பகுதியில் மட்டும் அழிந்தால் பிடியை உயர்த்த வேண்டும். நுனியில் மட்டும் அழிந்தால் தாழ்த்த வேண்டும். சரிவு முழுக்க ஒரே மாதிரி அழிகிற நிலைதான் சரியான நிலை.

பிறகு கிரைண்டரைப் போட்டு, உளியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்டிக்கொண்டே பிடியைப் பக்கவாட்டில் வீச வேண்டும். அழுத்தம் வேண்டாம். தீப்பொறி நுனியைத் தாண்டிப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தால் போதும், நிறுத்திவிடலாம். ஒரே இடத்தில் நின்றால் அங்கே பள்ளமாகும், நுனி கோணலாகிக் கிளி மூக்கு மாதிரி ஆகும் (என் முதல் உளி கிளியே தான்).

கல்லும் முக்கியம். கிரைண்டரோடு சாதாரணமாக வரும் சாம்பல் நிறக் கல் இந்த எஃகுக்குக் கடினம். முகம் வழுவழுப்பாகி, அறுக்காமல் சூடு மட்டும் கிளப்பும். வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 80 அல்லது 120 நம்பர், நிமிஷத்துக்கு 1440 சுற்று அளவில் மெதுவாக ஓடுகிற கிரைண்டர், கல்லின் முகத்தை அவ்வப்போது டிரஸ்ஸர் வைத்துச் சீர்செய்வது, இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணுக்குக் கண்ணாடி போட மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய கார்பன் எஃகு உளி என்றால் நுனி நீலம் பாய்ந்ததும் பதம் போய்விடும், அதனால் அடிக்கடி தண்ணீரில் தொட வேண்டும். இப்போது விற்கிற ஹைஸ்பீடு ஸ்டீல் உளி அந்தச் சூட்டுக்கெல்லாம் அசராது. அதைச் சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்கினால்தான் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடலாம்.

நன்றாக அமைத்து வைத்த சாணையில் பள்ள உளியைத் தீட்ட 40 விநாடி போதும். பழகாத எனக்கே ஒரு நிமிஷம்தான் ஆனது.

இப்போது கணக்கு

மாமா பட்டறையில் கிரைண்டர் எங்கே இருந்தது தெரியுமா? வாசலுக்குப் பக்கத்தில், மறுகோடியில். கல் சாம்பல் கல். அரிவாளும் மண்வெட்டியும் தீட்ட ஊரில் பாதிப்பேர் அதில்தான் வருவார்கள். நடந்து போய், காத்திருந்து, கெட்டுப்போன கல்லில் போராடித் திரும்ப நாலு நிமிஷம் ஆகும்.

அண்ணாச்சிக்குக் கூலி உருப்படிக் கணக்கு. ஒரு காலுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உண்மையான ரேட்டை எழுதினால் மாமா என்னைப் பட்டறைக்குள் விடமாட்டார்). எட்டு மணி நேரத்தில் 14 கால் கடைகிறார் என்போம். ஒரு காலுக்கு 34 நிமிஷம் சொச்சம். தூள் வரும்போதெல்லாம் சாணைக்குப் போனால், ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கூடுதலாகப் போக வேண்டும். நாலு நிமிஷம் வீதம் 40 நிமிஷம். ஒரு காலுக்கும் மேலே போச்சு. அவர் பையிலிருந்து 58 ரூபாய்.

"கூர்மையான உளி வேகமாக அறுக்குமே, அதில் அந்த நேரம் திரும்பி வந்துவிடாதா?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். கொஞ்சம் திரும்பி வரும், சில நாள் முழுசாகவே வரும். ஆனால் அது வந்தால் லாபம். போகிற 40 நிமிஷம் கண்ணுக்கு முன்னால் போகிறது. அன்றாடம் எண்ணி வாங்குகிறவர் எதை நம்புவார்?

சரி, அழுத்திக் கடைந்த கால் எங்கே போகிறது? அடுத்த மூலையில் உட்கார்ந்திருக்கிற அக்காவிடம். அவருக்கு வேலை உப்புத்தாள் தேய்ப்பது. அவருக்குத் தினக்கூலி. மழுங்கிய உளி நாரை அறுக்காமல் பிய்த்துவிட்டுப் போகும். அந்தச் சொரசொரப்பை 80 நம்பர் தாளில் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கூர்மையான உளியில் கடைந்த கால் கண்ணாடி மாதிரி வரும், மெல்லிய தாளில் இரண்டு தேய்ப்பு போதும்.

அந்த அக்கா காலைக் கையில் வாங்கித் தடவியதுமே சொல்லிவிடுவார்: "இது காலையில கடைஞ்சது. இது சாப்பாட்டுக்கு முன்னாடி." நான் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறேன்.

ஒரு காலைத் தேய்க்க 20 நிமிஷம் ஆவது 10 நிமிஷமாகக் குறைந்தால், 14 காலுக்கு 140 நிமிஷம் மிச்சம். அவர் தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 145 ரூபாய். உப்புத்தாள் செலவு தனி. ஆக, சாணை பிடித்தால் அண்ணாச்சிக்கு 58 ரூபாய் நஷ்டம், பட்டறைக்கு 145 ரூபாய்க்கு மேல் லாபம். எண்களை நான் கணக்குக்காக வைத்ததுதான். உங்கள் பட்டறை எண்களைப் போட்டுப் பாருங்கள், தொகை மாறும். நஷ்டம் ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு என்பது மாறாது.

அண்ணாச்சி சோம்பேறியும் இல்லை, தொழில் தெரியாதவரும் இல்லை. அவருக்குக் கொடுத்த கூலி முறையில் அவர் செய்வதுதான் சரியான கணக்கு.

இதில் ரூபாயில் எழுத முடியாத ஒரு செலவும் இருக்கிறது. அந்த அக்கா சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டுதான் தேய்ப்பார். சாயந்திரம் இருமுவார். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நல்ல முகமூடி, தூசி உறிஞ்சும் மிஷின் எல்லாம் வேண்டும்தான், அதில் இரண்டு பேச்சில்லை. அதற்கும் முன்னால், தூளையே குறைக்கிற வழி உளியின் நுனியில் இருக்கிறது. "அண்ணாச்சி உளி நல்லா இருந்தா அன்னைக்கு எனக்கு இருமல் கம்மி" என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டெய்லர் மறக்காததை நாம் மறந்தோம்

இப்போது பி.காம் மாணவனாக ஒரு விஷயம். மேனேஜ்மென்ட் படித்தவர்களுக்கு எஃப்.டபிள்யூ. டெய்லரைத் தெரியும். அறிவியல் மேலாண்மையின் தந்தை, பத்து மார்க் கேள்வி. உருப்படிக் கூலியில் இரண்டு ரேட் வைக்கிற அவருடைய முறை 1895இல் வந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் இன்றும் கணக்குப் போட வைக்கிறார்கள்.

பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்லாத இன்னொரு டெய்லர் இருக்கிறார். 1874இல் பிலடெல்பியாவில் வார்ப்புக்கான மர மாதிரிகள் செய்கிற தொழிலில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தவர் அவர். மரத்தோடு பழகிய கை! பிறகு பெத்லகேம் எஃகு ஆலையில் மான்செல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து, சிவக்கச் சூடானாலும் கூர் போகாத எஃகை உருவாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1900 பாரிஸ் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். அதுதான் ஹைஸ்பீடு ஸ்டீல். அண்ணாச்சி கையில் இருக்கிற உளி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவருக்குக் கூலி கொடுக்கிற முறையும் டெய்லர் பாடத்தில் வருகிறது. இரண்டும் ஒரே பட்டறையில் சந்தித்துக்கொள்வதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

டெய்லர் தொழிலாளியைப் பிழிந்தவர் என்று விமர்சனம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் தெளிவாக இருந்தார். வெட்டும் வேகம் கூடினால் முனையின் ஆயுள் குறையும் என்பதை 26 வருஷம் சோதித்து, 1906இல் பெரிய ஆய்வாக முன்வைத்தார். கூர் என்பது தீர்ந்து போகிற பொருள் என்று அவருக்குத் தெரியும். அதனால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசிய அதே மனிதர், சாணை பிடிக்கிற வேலையைத் தொழிலாளியின் நேரத்திலிருந்து எடுத்து, தனி ஆள் வைத்துத் தனி அறையில் செய்யச் சொன்னார். அதற்கான செலவு ஆலையுடையது.

நம் பட்டறைகள் அவரிடமிருந்து உருப்படிக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டன. சாணைக்கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டன.

கடைசலில் டெய்லர் முறையை அப்படியே வைக்கவும் முடியாது. பள்ள உளியின் நுனி ஒவ்வொருவர் கைக்கும் ஏற்ப இருக்கும். அண்ணாச்சிக்குப் பக்க ஓரங்கள் நீளமாக வேண்டும், பக்கத்து லேத்காரருக்குக் குட்டையாக வேண்டும். வேறு ஆள் தீட்டினால் இருவரும் சண்டைக்கு வருவார்கள். ஆகவே கடைசல்காரரே தீட்டட்டும். அதற்கான நேரத்தைப் பட்டறை தரட்டும்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு இடமும் இருக்கிறது. மிஷினைத் தயார் செய்கிற நேரம், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறுகிற நேரம் இவையெல்லாம் தவிர்க்க முடியாதவை, அவற்றின் செலவை உற்பத்திச் செலவில் சேர்க்க வேண்டும் என்று இரண்டாம் வருஷத்திலேயே படிக்கிறோம். சாணை நேரம் அதே வகைதான். ரேட் பேசும்போது "ஒரு காலுக்கு இவ்வளவு, அதில் மூன்று நிமிஷம் சாணைக்கு" என்று சேர்த்துப் பேசினால் முடிந்தது. காலுக்கு நாலைந்து ரூபாய் கூடும். 145 ரூபாய் மிச்சத்தில் அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

எதிர்ப்பேச்சு

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் மூன்று கேள்வி கேட்டார்.

ஒன்று, "இப்பத்தான் கார்பைடு முனை உளி வந்துட்டே? மழுங்குனா முனையைத் திருப்பி மாட்டு, தேய்ஞ்சா தூக்கிப்போடு. சாணையே வேண்டாம்." நியாயமான கேள்வி. புதிதாகப் பழகுகிறவருக்கு அது நல்லதும்கூட. ஆனால் அந்த உளி பெரும்பாலும் சுரண்டும், அறுக்காது. குறுகலான இடுக்கில் அந்த முனை நுழையாது. சுரண்டிய முகத்தை மறுபடியும் உப்புத்தாள் அக்காதான் சரிசெய்ய வேண்டும். சாணைச் செலவு போய்த் தேய்ப்புச் செலவு வரும்.

இரண்டு, "மிஷினே கடைஞ்சு தள்ளுது, கைக்கடைசலே எத்தனை நாளைக்கோ." உண்மைதான். கம்ப்யூட்டர் லேத்தில் ஒரே மாதிரி நூறு கால் வருகிறது. அந்த விலைக்கு நாம் போட்டி போட முடியாது. கைக்கடைசலைத் தேடி வருகிறவர் எதற்காக வருகிறார்? பழைய கட்டிலுக்கு ஒரு கால் உடைந்தால் அதே மாதிரி ஒன்று செய்யவும், கூரான விளிம்பு உள்ள மணிக்காகவும்தான். அந்த விளிம்பை உப்புத்தாள் தேய்த்தே மழுப்பிவிடும். அது நிற்க வேண்டுமென்றால் உளியிலிருந்தே நேரடியாக வர வேண்டும். கூர் இல்லாத கைக்கடைசல் மிஷினிடம் தோற்றுத்தான் போகும்.

மூன்று, "காசு கொடுத்தா சாணை பிடிக்கிறேன்னு டீ குடிக்கப் போயிருவாங்க." இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அக்காவின் கையில் கொடுத்துப் பாருங்கள், எந்தக் கால் சாணை பிடித்துக் கடைந்தது என்று அவர் சொல்லிவிடுவார் என்றேன். மாமா சிரித்தார்.

கடைசியில் என்ன ஆனது?

கிரைண்டரை லேத்துக்குப் பக்கத்தில் மாற்ற மாமா ஒத்துக்கொண்டார். வயர் இழுத்த செலவும் ஒரு வெள்ளைக் கல்லும்தான். உளியை ஒரே கோணத்தில் வைக்க மரத்திலேயே ஒரு தாங்கியை அண்ணாச்சி செய்துகொண்டார். நாலு நிமிஷம் ஒரு நிமிஷமாகக் குறைந்தது. அடுத்த நாளிலிருந்து அவர் சாணைக்குப் போவதை நான் எண்ணவில்லை. அடிக்கடி போனார் என்பது மட்டும் தெரியும். அரிவாள் தீட்ட வருகிறவர்கள் மட்டும் என்னை முறைத்துக்கொண்டு போனார்கள்.

ரேட்டைக் கூட்ட மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "யோசிப்போம்டே" என்றார். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆகவே என் கட்சி இன்னும் பாதிதான் ஜெயித்திருக்கிறது. ஒரு நிமிஷமாகக் குறைந்தாலும் அந்தப் பத்து நிமிஷம் இன்னும் அண்ணாச்சியின் சொந்த நேரம்தான். தீபாவளி லீவில் மறுபடி போவேன். இந்த முறை பில் புத்தகத்தோடு உப்புத்தாள் வாங்கிய ரசீதுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.

பட்டறை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று. உங்கள் கடைசல்காரர் உளியிலிருந்து சுருள் வருகிறதா, தூள் வருகிறதா என்று நாளைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். தூள் வந்தால் அவரைத் திட்டாதீர்கள். சாணைக்கல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே போய்வரும் நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

மீண்டும் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.

பி.கு: கட்டைவிரல் நகம் புதிதாக முளைத்துவிட்டது. விசாரித்த நண்பர்களுக்கு நன்றி!